கூரையும் வெப்பமும்: பரணில் பரப்பத் தக்க பொருள் எது?

வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இடம் வேண்டியே மனிதன் கூரை வேய்ந்தான். மழையைத் தடுக்கும் தொழிலை இன்றைய கூரைகள் செவ்வனே செய்கின்றன. வெயிலைத் தடுக்கும் தொழிலிலோ அவற்றுட் பல தோற்றே நிற்கின்றன. இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நண்பகலில் தகரக் கூரையின் கீழ் நின்று ஆறாம் ஆண்டு மாணவர்க்குப் பின்னக் கணக்கு விளக்க முயன்ற ஆசிரியர் எவரும் இதனை நன்கறிவர். பத்து மணிக்குத் துடியாக இருந்த பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்கு மேசைமீது தலை சாய்க்கின்றனர். அவர்களைச் சோம்பேறிகள் என்று கடிந்துகொள்வது எளிது. கடியத் தக்கது அவர்கள் தலைக்கு மேல் இருக்கிறது.

2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கடும் வெப்பத்தின் காரணமாகப் பெர்லிஸ் மாநிலத்திலும் கெடாவின் சில பகுதிகளிலும் பள்ளிகளைச் சில நாள் மூட நேர்ந்தது. அத்தகைய நாள்கள் இனியும் வாரா என்று எவரும் உறுதி கூறார். ஆதலின், கூரை வழியே இறங்கும் வெப்பத்தை எவ்வாறு தடுப்பது, அதற்கென விற்கப்படும் பொருள்களுள் எது எதற்குத் தக்கது என்பதை ஆராய்தல் நமக்கு இன்றியமையாததாகிறது. வீட்டுக்காரருக்கும் அது பயன்படும். வகுப்பில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியருக்கும் பயன்படும்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது எங்கள் தோட்டப் பள்ளியில் நேர்ந்த ஒரு தவறு. சில ஆண்டுகளுக்கு முன் பெற்றோர்கள் தத்தம் சம்பளத்திலிருந்து ஐந்தும் பத்துமாக வெள்ளி சேர்த்துத் தந்தனர். அப்பணத்தில் அலுமினியம் பூசிய பளபளப்பான தாளை வாங்கி, வகுப்பறை உட்கூரையின் மேல், பளபளப்பு வானம் பார்க்குமாறு விரித்தோம். முதலாண்டு நற்பயன் தெரிந்தது. மூன்றாம் ஆண்டில் வெப்பம் பழையபடி இறங்கலாயிற்று. "சார், தாள் கிழியக்கூட இல்லையே, ஏன் இப்படி ஆச்சு?" என்று பால்மரம் சீவும் பெற்றோர் ஒருவர் என்னைக் கேட்டார். எனக்கு உடனே விடை தெரியவில்லை. பிறர் பணத்தைச் செலவிட்டவன் விடை தெரியாமல் நிற்பது இழுக்கு. விடையைத் தேடியபோது கற்றவற்றையே ஈண்டு எழுதுகிறேன்.

நம் கூரைகளின் கதை

'வேய்தல்' என்பது பழந்தமிழ்ச் சொல். இலை, புல் முதலியவற்றால் மூடுதல் என்பது அதன் பொருள். பெரும்பாணாற்றுப்படையில் எயினரின் குடில் ஈந்தின் இலையால் வேயப்பட்டதாகக் காட்டப்படுகிறது. அவ்வாறு வேயப்படாத மேல்தளத்திற்குச் சிலப்பதிகாரத்தில் 'வேயாமாடம்' என்று பெயர். ஓலையால் வேய்வதே பொதுவழக்காக இருந்ததால் அன்றோ வேயாததற்குத் தனிப்பெயர் வேண்டியதாயிற்று!

நம் முன்னோர் இந்நாட்டிற்கு வந்தபோதும் அவர்களை வரவேற்றது ஓலைக் கூரைதான். நீப்பா என்னும் நீர்ப்பனையின் ஓலையை மடித்துத் தைத்து அடுக்கிய அதனை அத்தாப்பு என்றனர். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்கு ஓலை. ஓலைக்கும் ஓலைக்கும் இடையே காற்று. இவ்வமைப்பால் அத்தாப்பு வீடு நண்பகலிலும் குளிர்ந்திருந்தது. ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்ற வேண்டும். பூச்சியும் எலியும் குடிபுகும். ஒரு தீப்பொறி போதும், வரிசை முழுவதும் சாம்பலாகிவிடும்.

ஊருக்குள் ஓடு வந்தது. டச்சுக்காரர் 1641இல் மலாக்காவைக் கைப்பற்றி ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஆண்டனர். மலாக்கா நகரின் பழைய கடைவீடுகளில் சுட்ட மண் ஓடுகள் அடுக்கடுக்காகப் பதிக்கப்பட்டிருப்பதையும், வீட்டின் நடுவே வெப்பக் காற்று மேலெழுந்து செல்ல முற்றம் விடப்பட்டிருப்பதையும் இன்றும் காணலாம். 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலின் அடுக்குக் கூரையிலும் காற்று வெளியேறும் இடைவெளி உண்டு. வெப்பத்தை வெல்லக் காற்றைத் துணைக்கு அழைக்க வேண்டும் என்பதை அக்காலக் கொத்தர்கள் அறிந்திருந்தனர்.

தோட்டத்திற்கு வந்ததோ தகரம். இரும்புத் தகட்டை அலை அலையாக மடித்து வலுவாக்கும் முறைக்கு 1829இல் இலண்டனில் ஹென்றி ராபின்சன் பாமர் என்பவர் காப்புரிமை பெற்றார். துத்தநாகம் பூசிய இத்தகடு கப்பலேறி உலகெங்கும் பரவியது. கூலி லயங்களுக்கு இதைவிட மலிவான கூரை வேறு ஏது? தீப்பற்றாது, ஒழுகாது, ஒரே நாளில் ஏற்றிவிடலாம். வெயிலை மட்டும் அது தடுக்கவில்லை. மழை பெய்தால் பாடம் நின்றுவிடும் என்பதும் நாம் அறிந்ததே. பின்னர்க் கல்நார் கலந்த சிமெண்டுத் தகடு வந்தது. அதன் தீமையைப் பின்னே கூறுவேன்.

இன்று தோட்டங்கள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நான் குடியிருக்கும் புக்கிட் பெருவாங்கையே எடுத்துக்கொள்ளலாம். கரடிக் குன்று என்பது அப்பெயரின் பொருள். இப்பொழுது இங்கே பல்கலைக்கழகமும் கடைகளும் வரிசை வீடுகளும் நிறைந்துள்ளன. இவ்வரிசை வீடுகளில் சிமெண்டு ஓடும், அதன் கீழே மெல்லிய உட்கூரைப் பலகையும், இரண்டிற்கும் இடையே ஒரு வெற்றிடமும் உண்டு. அவ்வெற்றிடமே பரண்வெளி. நம் ஆராய்ச்சி அதற்குள்ளேதான் நடைபெற வேண்டும்.

வெப்பம் இறங்கும் வழி

வெப்பம் மூன்று வழிகளிற் செல்லும் என்று பள்ளியிற் கற்பிக்கிறோம். ஒன்றையொன்று தொட்டு நிற்கும் பொருள்களின் ஊடே செல்வது கடத்தல். சூடான காற்றோ நீரோ தானே நகர்ந்து கொண்டுசெல்வது சலனம். இடையே எப்பொருளும் இன்றித் தாவிச் செல்வது கதிர்வீச்சு. அடுப்பில் வைத்த கரண்டியின் காம்பு சுடுவது முதலாவது. உலையில் நீர் கொதித்துப் புரள்வது இரண்டாவது. அடுப்புக்கு எதிரே நிற்பவன் முகம் காந்துவது மூன்றாவது.

பரணில் இம்மூன்றுள் எது பெரிது? இக்கேள்விக்கு விடை கண்டால் பாதி வழி கடந்தவராவோம்.

மலாக்கா நிலநடுக்கோட்டிற்கு வடக்கே இரண்டு பாகைக்குச் சற்று மேல் உள்ளது. மார்ச்சு இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் ஞாயிறு நேராக நம் தலைக்கு மேல் வருகிறது. மற்ற மாதங்களிலும் உச்சியை விட்டு வெகுதொலைவு விலகுவதில்லை. எனவே நம் வீடுகளில் சுவரைவிடக் கூரையே மிகுதியான வெயிலை ஏற்கிறது. தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டர் கூரைமீது ஏறத்தாழ 1000 வாட்டு ஆற்றல் விழுகிறது. ஓர் இஸ்திரிப் பெட்டியை அங்கே வைத்ததற்கு ஒப்பாகும். பழைய தகரம் 60 பாகை செல்சியசையும் கடந்து சுடும்.

சூடான காற்று மேலே எழும் இயல்புடையது. நம் பரணிலோ சூடு மேலே, குளிர்ச்சி கீழே. சூடான காற்று ஏற்கெனவே மேலே இருப்பதால் அது கீழே இறங்கி வருவதில்லை. ஆகவே சலனத்தால் இறங்கும் வெப்பம் மிகக் குறைவு. அசையாக் காற்று வெப்பத்தை அரிதிற் கடத்துவதால் கடத்தலும் குறைவு. எஞ்சியது கதிர்வீச்சு ஒன்றே. அடுப்புக்கு எதிரே நின்றவனைப் போல, சுடும் தகரத்திற்கு எதிரே உட்கூரை கிடந்து காய்கிறது.

இதனைக் கணக்காலும் காட்டலாம். தகரத்தின் அடிப்புறம் 60 பாகை, உட்கூரை 35 பாகை என்று கொள்வோம். பழைய தகரமும் பலகையும் கதிர்வீசுவதில் கைதேர்ந்தவை. அவற்றிடையே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 வாட்டு கதிராகப் பாய்கிறது. இடையே ஒருபுறம் பளபளப்பான அலுமினியம் இருக்குமாயின் அது 10 வாட்டிற்கும் குறைந்துவிடும். அலுமினியம் தன்மேல் விழும் கதிரிற் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அதைவிட வியப்பானது ஒன்றுண்டு: தான் சூடேறினும் அச்சூட்டைக் கதிராக வெளிவிட அது மறுக்கும். எனவே பளபளப்பான முகம் மேல் நோக்கி இருப்பினும் கீழ் நோக்கி இருப்பினும் பயன் ஒன்றே; முன்னே ஒரு காற்று வெளி இருத்தல் மட்டுமே வேண்டும்.

எங்கள் தவறு இப்பொழுது விளங்கும். மேல் நோக்கிய பளபளப்பின்மேல் தூசி படிந்தது. பக்கத்துப் பாதையின் செம்மண் படிந்தது. எலி எச்சமும் படிந்தது. தூசி மூடிய அலுமினியம் கதிரின் கண்ணுக்கு அலுமினியம் அன்று; வெறும் தூசிதான். தாளைக் கூரைச் சட்டங்களின் அடியில் கட்டி, பளபளப்பு கீழே நோக்குமாறு தொங்கவிட்டிருந்தால், தூசி படிய இடமின்றிப் பல ஆண்டு பயன் தந்திருக்கும். அப்பெற்றோர் கேட்ட கேள்விக்கு விடை இதுவே. தாள் கெடவில்லை, நாங்கள் விரித்த பக்கம் கெட்டது.

பொருள்கள் பல, அடிப்படை ஒன்று

அலுமினியத் தாளை ஒருபுறம் வைத்துவிட்டு மற்றப் பொருள்களைப் பார்ப்போம். அவை அனைத்தும் ஒரே தந்திரத்தையே கையாளுகின்றன. அசையாக் காற்றைச் சிறைப்பிடிப்பதே அத்தந்திரம். வெப்பம் கடத்தும் திறனை ஓர் எண்ணாற் குறிப்பர். எண் சிறிதானால் கடத்தல் குறைவு. இரும்புக்கு அது ஏறத்தாழ 50. சிமெண்டுக் கலவைக்கு ஒன்றுக்கு மேல். உட்கூரைக்குரிய ஜிப்சப் பலகைக்கு 0.17, அசையாக் காற்றுக்கு 0.026. காற்றே நல்ல அரிதிற் கடத்தி. ஆனால் காற்றைச் சும்மா விட்டால் புரளும். புரளாமல் அதனைப் பஞ்சிலோ நுரையிலோ அடைத்து வைப்பதுதான் தொழில்நுட்பம். நம் அத்தாப்பு செய்ததும் இதுவே.

கண்ணாடிக் கம்பளி: கண்ணாடியை உருக்கி, பஞ்சு மிட்டாய் சுற்றுவது போல நூலாகச் சுற்றி எடுப்பது. எண் 0.035 முதல் 0.04 வரை. எடை குறைவு, விலையும் மட்டு. தீப்பற்றாது. ஆனால் நனைந்தால் காற்றிருந்த இடத்தில் நீர் புகுந்து பயனைக் கெடுக்கும். எடையால் அமிழ்ந்தும் போகும். கையாளும்போது தோல் அரிக்கும்.

பாறைக் கம்பளி: எரிமலைப் பாறையை உருக்கி நூலாக்கியது. வெப்பத்தைத் தடுப்பதில் கண்ணாடிக் கம்பளியை ஒத்தது. அதனினும் கனமானது, ஆகவே மழையின் ஓசையை அடக்குவதில் மேம்பட்டது. கடும் நெருப்பையும் தாங்கும். தகரக் கூரையுடைய பள்ளிக்கு இது நன்கு பொருந்தும். மழைநாளிலும் ஆசிரியர் குரல் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் அன்றோ!

பாலிஸ்டைரின் நுரைப் பலகை: மீன் பெட்டியாக நாம் சந்தையிற் காணும் வெண்ணுரை. எண் ஏறத்தாழ 0.036. ஈரத்திற்கு அஞ்சாது. ஆனால் 80 பாகைக்கு மேல் தாங்காது. தீப்பற்றினால் உருகிச் சொட்டிக் கரும்புகை கக்கும். எறும்பும் கரையானும் அதனுள் வழி குடையும்.

பாலியுரித்தேன் நுரை: தகரத்தின் அடியில் பீய்ச்சி அடிக்கப்படுவது. எண் 0.025 அளவு, ஓர் அங்குலத்திலேயே மிகுந்த பயன் தருவது. சிறு துளைகளையும் அடைக்கும். எனினும் தீக்கு எளிதில் இரையாகும். அதன் புகை நஞ்சு. அடித்தபின் தகரத்தைக் கழற்றிப் பழுதுபார்ப்பதும் அரிது. பிள்ளைகள் இருக்கும் அறைக்குமேல் இதனை வெறுமனே விடுவதை நான் விரும்பேன்.

காகிதக் கூழ்: பழைய செய்தித்தாளை அரைத்து, தீயும் பூச்சியும் அணுகாதவாறு போராக்சு முதலிய உப்புக் கலந்தது. குளிர்நாடுகளில் மிகவும் பயன்படுகிறது. எண் 0.04. ஒழுகும் கூரைக்கும் ஈரக் காற்றுக்கும் கரையானுக்கும் பெயர்பெற்ற நம் நாட்டில் இதனை நம்பி இறங்குவது துணிச்சலே.

தேங்காய் நார்: எண் 0.05க்கு அண்மையது. நம் முன்னோர் மெத்தைக்குப் பயன்படுத்திய பொருள் இதற்கும் உதவும் என்பதில் மகிழ்ச்சிதான். தீயும் ஈரமும் அணுகாதபடி பதப்படுத்தினாலன்றிப் பரணில் இடுவதற்கு இல்லை.

இவ்வெண்களை உற்று நோக்குக. கம்பளியும் நுரையும் நாரும் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் இல்லை. எனவே 'எப்பொருள் மிகக் குறைவாகக் கடத்தும்' என்பது மட்டும் கேள்வியன்று. தீ, ஈரம், கரையான், எலி, விலை, பழுதுபார்க்கும் எளிமை ஆகியவையே தேர்வை முடிவு செய்கின்றன.

ஒரு கணக்கு

ஆசிரியர்களுக்காக இதனைச் சற்று விரிவாகக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். கூரையின் ஒவ்வோர் அடுக்கும் வெப்பத்திற்கு ஒரு தடையைத் தருகிறது. அடுக்கின் கனத்தை மேற்சொன்ன எண்ணால் வகுத்தால் தடை கிடைக்கும். கனத்தை மீட்டரிற் கொள்ள வேண்டும். தடைகளையெல்லாம் கூட்டி, ஒன்றை அக்கூட்டுத்தொகையால் வகுத்தால், கூரையின் மொத்தக் கடத்து மதிப்பு கிடைக்கும். இதனைப் பொறியாளர் 'யூ மதிப்பு' என்பர். மலேசியாவின் எம்.எஸ். 1525 என்னும் தரநிலை, எடை குறைந்த கூரைக்கு இம்மதிப்பு 0.4ஐ மிகலாகாது என்கிறது. சதுர மீட்டருக்கு 50 கிலோவுக்கு மேற்பட்ட கனத்த கூரைக்கு அது 0.6. அத்தரநிலை வீடல்லாத கட்டடங்களுக்கு உரியது, வீடுகளுக்கென எம்.எஸ். 2680 என்பது 2017இல் வெளிவந்தது.

6 மீட்டர் அகலமும் 9 மீட்டர் நீளமும் உள்ள வகுப்பறை ஒன்றைக் கொள்வோம். கூரைப் பரப்பு 54 சதுர மீட்டர். வெயிலையும் சேர்த்துக் கணக்கிட்டால் வெளிக்கும் அறைக்கும் உள்ள வெப்ப வேறுபாடு 30 பாகை எனக் கொள்க. கூரையின் இருபுறமும் ஒட்டிநிற்கும் காற்றுப் படலத்திற்கும் பரண்வெளிக்கும் வடிவமைப்பு நூல்களில் வழங்கும் மதிப்புகளையே எடுத்துக்கொண்டேன்.

(1) வெறும் தகரம்: தகரத்தின் தடை அநேகமாகச் சுழி. காற்றுப் படலங்களின் தடை 0.22 மட்டுமே. யூ மதிப்பு 4.6. இறங்கும் வெப்பம் ஏறத்தாழ 7,450 வாட்டு. ஏழு இஸ்திரிப் பெட்டிகளைப் பிள்ளைகளின் தலைக்குமேல் தொங்கவிட்டதற்குச் சமம்!

(2) தகரமும், பரண்வெளியும், 12 மில்லிமீட்டர் ஜிப்சப் பலகையும்: மொத்தத் தடை 0.745. யூ மதிப்பு 1.34. வெப்பம் 2,170 வாட்டு.

(3) அதனுடன் பரண்வெளியை நோக்கிய அலுமினியத் தாள்: தடை 1.64. யூ மதிப்பு 0.61. வெப்பம் 990 வாட்டு.

(4) தாளின்றி, உட்கூரைமேல் 2 அங்குலப் பாறைக் கம்பளி: தடை 2.17. யூ மதிப்பு 0.46. வெப்பம் 745 வாட்டு.

(5) தாளும் கம்பளியும் சேர்ந்து: தடை 3.07. யூ மதிப்பு 0.33. வெப்பம் 530 வாட்டு.

இதிலிருந்து நாம் அறிவன மூன்று. முதலாவது, மிகப் பெரிய ஆதாயம் உட்கூரை அமைப்பதிலேயே கிடைக்கிறது. உட்கூரையே இல்லாத வகுப்பறைக்கு விலையுயர்ந்த பொருள் தேடி அலைவதில் பொருளில்லை; முதலில் பலகை அடிக்க வேண்டும். இரண்டாவது, தாள் தனித்தும் 2 அங்குலக் கம்பளி தனித்தும் 0.4 என்னும் வரம்பை எட்டவில்லை. இரண்டும் கூடினால் எட்டிவிடுகின்றன. ஒன்று கதிரைத் தடுக்கிறது, மற்றொன்று கடத்தலைத் தடுக்கிறது. மூன்றாவது, கனத்தைக் கூட்டக் கூட்ட ஆதாயம் சுருங்குகிறது. தாளின்றிக் கம்பளியை மட்டும் 2 அங்குலத்திலிருந்து 12 அங்குலமாக்கினால் வெப்பம் 745 வாட்டிலிருந்து ஏறத்தாழ 175 வாட்டாகக் குறையும். ஆறு மடங்கு பொருள் வாங்கி மிச்சப்படுத்துவது 570 வாட்டு. அதே 2 அங்குலத்துடன் ஒரு மெல்லிய தாளைச் சேர்த்தால் 215 வாட்டு மிச்சமாகிறது. பணம் குறைந்த பள்ளி எதனைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

குளிர்நாட்டார் பரணில் ஓரடிக்குமேல் பஞ்சு இடுவது ஏன் என்று சிலர் கேட்கலாம். அங்கே உள்ளே 20 பாகையும் வெளியே உறைநிலைக்கு 20 பாகை கீழுமாக இரவு பகலாக மாதக்கணக்கில் நிற்கும். வீட்டின் சூடு மேலே ஏறித் தப்புவதைத் தடுப்பதே அவர்கள் கவலை. சூடான காற்று மேலெழுவதால் சலனமும் அவர்களுக்குப் பகை. நமக்கோ சூடு மேலிருந்து கீழே வருகிறது. அதுவும் பகலில் மட்டும். நோய் வேறு, மருந்தும் வேறு. அவர்கள் நூலிலிருந்து அளவை அப்படியே எடுத்து ஆளுதல் தகாது.

உயிர் காக்கும் எச்சரிக்கைகள்

பொருளைத் தேர்ந்துவிட்டோம் என்று உடனே பரணில் ஏறிவிடலாகாது.

முதலாவது, கல்நார். பழைய தோட்ட வீடுகளிலும் பள்ளிகளிலும் சாம்பல் நிறச் சிமெண்டுத் தகடுகள் கூரையாகவும் உட்கூரையாகவும் இன்னும் இருக்கக்கூடும். அவற்றுள் கல்நார் இருக்கலாம். கல்நார் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகாமையின் உறுதியான முடிவு. அதன் நுண்ணிழை நுரையீரலுட் புகுந்தால் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தும் நோயாக வெளிப்படும். எங்கள் இளமையில், உடைந்த தகட்டுத் துண்டால் லயத்து வாசலில் கட்டம் கிழித்துப் பாண்டி ஆடினோம். சுண்ணக்கட்டி வாங்கக் காசில்லாத பிள்ளைகளுக்கு அது சுண்ணக்கட்டி. அன்று எங்களைத் தடுக்க எவருக்கும் தெரியவில்லை. இன்று நமக்குத் தெரியும். அத்தகடு முழுதாக இருக்குமாயின் துளையிடாது, அறுக்காது, தேய்க்காது விடுக. உடைந்திருந்தால் தக்க பயிற்சி பெற்றவரைக் கொண்டு நனைத்து அகற்றுக. பள்ளித் துப்புரவுப் பணியில் மாணவர்களை அதன் அருகே விடாதீர்கள்.

கண்ணாடிக் கம்பளியையும் பாறைக் கம்பளியையும் கல்நாரோடு ஒன்றாக எண்ணி அஞ்சுவோர் உளர். அதே முகாமை 2002இல் இவ்வகைக் கம்பளிகளை மறுஆய்வு செய்து, புற்றுநோய் தருவதாக வகைப்படுத்த இயலாதவற்றின் வரிசையில் வைத்தது. எனினும் முகமூடியும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்தே அவற்றைக் கையாள வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம். ஆஸ்திரேலிய அரசு 2009இல் வீடுகளின் பரணில் வெப்பக் காப்பிடும் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. விரைவாக நடந்த அவ்வேலையில் பணியாளர் நால்வர் உயிரிழந்தனர். மூவர் மின்சாரம் தாக்கி மாண்டனர். ஒருவர் பரணின் வெப்பத்தாலேயே மாண்டார். அலுமினியத் தாளை உலோக ஊசியால் அறைந்தபோது அது மின்கம்பியைத் துளைத்ததும் அம்மரணங்களுக்குக் காரணமாயிற்று. 2010 பிப்ரவரியில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. நல்ல நோக்கம் மட்டும் எவரையும் காப்பதில்லை. தாள் கட்டுமுன் வீட்டின் முதன்மை மின்விசையை அணைத்திட வேண்டும். பழைய கம்பிகளை மின்பணியாளர் பார்த்த பின்னரே பரணில் ஏற வேண்டும். காலையிற் குளிர்ந்த வேளையிலேயே வேலை செய்ய வேண்டும்.

மூன்றாவது, ஒழுக்கு. பஞ்சை இடுமுன் கூரையின் ஒழுக்கை அடைத்தாக வேண்டும். பஞ்சின் கீழ் மறைந்த ஒழுக்கு, பலகையை அழுகவைத்து ஒருநாள் மொத்தமாக விழச் செய்யும்.

காற்றும் வெண்மையும்

ஒரு பைசாவும் பரணிற் செலவிடாமல் செய்யத் தக்கது ஒன்றுண்டு. கூரையின் வெளிப்புறத்தை வெண்மையாக்குதல். துருவேறிய தகரம் வெயிலிற் பெரும்பகுதியை விழுங்குகிறது. நல்ல வெண்பூச்சு பெரும்பகுதியைத் திருப்பிவிடுகிறது. பாசியும் தூசியும் படிவதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழுவிப் பூச வேண்டும் என்பதே குறை.

பரணின் இரு முனைகளிலும் வலையிட்ட காற்றுவழி வைப்பதும் நன்று. சூட்டோடு ஈரமும் வெளியேறும். இரவில் மற்றொன்றை நினைவிற் கொள்ள வேண்டும். வெப்பக் காப்பு நண்பனும் பகைவனும் அறியாது. பகலில் உள்ளே வர முயலும் வெப்பத்தைத் தடுப்பதுபோல, இரவில் வெளியேற முயலும் வெப்பத்தையும் தடுக்கும். குளிர்சாதனம் இல்லாத வீட்டில் மாலைக்குப்பின் சாளரங்களைத் திறந்து, அறையின் சூட்டைக் காற்றோடு அனுப்பிவிட வேண்டும்.

வகுப்பறைக்கு ஒரு பாடம்

2003ஆம் ஆண்டு முதல் நம் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற் கற்பிக்கப்பட்டன. அக்கொள்கை கைவிடப்படும் என்று 2009இல் அறிவிக்கப்பட்டபின் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பினோம். 'எளிதிற் கடத்தி', 'அரிதிற் கடத்தி' என்னும் அழகிய சொற்கள் மீண்டும் மாணவர் நாவில் வந்தன. சொல் வந்தால் போதுமா? பொருளும் கையில் அகப்பட வேண்டும்.

நான்கு பால்டின்களை எடுத்துக்கொள்க. ஒவ்வொன்றின் வாயையும் ஒரே அளவான தகரத் துண்டால் மூடுக. ஒன்றை அப்படியே விடுக. ஒன்றின் தகரத்திற்கு அடியில் அலுமினியத் தாளைப் பளபளப்பு கீழே தோன்ற ஒட்டுக. ஒன்றில் தகரத்திற்கடியே தேங்காய் நாரை அடைக்க. ஒன்றின் தகரத்திற்கு மேற்புறம் வெண்சுண்ணம் பூசுக. உள்ளே வெப்பமானியைச் செருகி, நான்கையும் பத்து மணி வெயிலில் வைத்து, ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை மாணவர்களே அளவெடுத்து வரைபடம் வரையட்டும். பின்னர் அலுமினியத்தின்மேல் செம்மண் தூசியைத் தூவி மறுபடியும் அளக்கட்டும். நாங்கள் மூன்றாண்டிற் கற்றதை அவர்கள் ஒரு பாடவேளையிற் கற்றுவிடுவர்.

எங்கள் பள்ளியில் இரண்டாம் முறை பணம் கேட்கச் சென்றபோது கூச்சமாகத்தான் இருந்தது. இம்முறை கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். பழைய தாளைத் துடைத்து, கூரைச் சட்டத்தின் அடியில் பளபளப்பு கீழ்நோக்கக் கட்டினோம். ஒரே ஒரு வகுப்பறைக்கு 2 அங்குலப் பாறைக் கம்பளி வாங்கினோம். அதுவே கைக்கு எட்டியது. அவ்வறையில் ஆறாம் ஆண்டு மாணவர் படிக்கின்றனர். பன்னிரண்டு மணிக்குப் பின்னும் அங்கே கைகள் உயர்கின்றன. மழை பெய்யும்போது பாடம் நிற்பதில்லை. மற்ற அறைகளின் முறை இன்னும் வரவில்லை.

தோட்டத்தில் நம் பாட்டன்மார் தகரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. அது அவர்கள்மேல் வைக்கப்பட்டது. நம் பிள்ளைகளின் தலைக்குமேல் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் காலம் நமக்கு வாய்த்துள்ளது. கணக்கறிந்து தேர்வோமாக.

(கட்டுரையாளர் தோட்டப் பள்ளித் தலைமையாசிரியர்; புக்கிட் பெருவாங், மலாக்கா)